பழைய ராக்கெட்டுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கலாமா?

பழைய பொம்மை விண்கலங்களைச் சேர்க்கிற ஆசாமிகள் நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்தால் பத்தாவது நிமிஷம் சண்டை ஆரம்பிச்சிடும். காரணம் எப்பவும் ஒண்ணுதான். ஒருத்தர் நாற்பது வருஷத்துப் பழைய ராக்கெட் ஒண்ணைத் தேடிப் பிடிச்சு வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, புதுசா வர்ணம் அடிச்சு, வயித்துக்குள்ள நாலு எல்.ஈ.டி. பல்பு வெச்சு, "எப்படி இருக்கு பாருங்க"ன்னு பெருமையா நீட்டுவார். பக்கத்துல இருக்கிறவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவார். "அடப்பாவி, ஒரிஜினலைக் கெடுத்துட்டியேடா!"

முதல் கட்சி சொல்றது: பொம்மைன்னா விளையாடத்தான், என் காசு, என் பொம்மை, என் இஷ்டம். ரெண்டாவது கட்சி சொல்றது: அந்தக் கீறலும் மங்கின சாயமும்தான் அதோட வயசு, அதை அழிக்க உனக்கு யார் உரிமை குடுத்தது?

ரெண்டு கட்சியுமே பாதி சரிங்கறதுதான் என் கட்சி. "வெத்தலை போட்ட நாட்டாமை மாதிரி ரெண்டு பக்கமும் தலையாட்டறியே"ன்னு முறைக்காதீங்க. நம்ம ஊரு உத்திரமேரூர். ரூல்ஸ் போடற விஷயத்துல எங்க ஊருக்கு 1100 வருஷ அனுபவம் இருக்கு :-) அந்த அனுபவத்துல இருந்தே ஒரு தீர்ப்பு எடுத்துத் தரேன். ஆனா அதுக்கு முன்னாடி பஞ்சாயத்து என்னன்னு முழுசாப் பார்த்துடுவோம்.

முதல்ல, "தாடி மீசை முளைச்ச பிறகும் பொம்மையா, இதெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு"ன்னு சொல்ற கோஷ்டிக்கு ஒரு வார்த்தை.

நம்ம ஊர்ல வருஷா வருஷம் புரட்டாசி வந்தா என்ன பண்றோம்? பரண்ல இருந்து பெட்டியை இறக்கி, பழைய வேட்டித் துணியில சுத்தி வெச்ச பொம்மைகளை ஒண்ணொண்ணா பிரிச்சு, ஒத்தைப்படையில படி கட்டி அடுக்கி, ஒன்பது நாளும் ஊரைக் கூப்பிட்டுக் காட்டி, கையில சுண்டலும் குடுத்து அனுப்பறோம். ஒவ்வொரு வருஷமும் ஒரு புது பொம்மையாவது சேர்க்கணும்னு கணக்கு வேற. கீழ ஒரு பார்க் போட்டு, கேழ்வரகு முளைக்க வெச்சுப் புல்தரை பண்ணி, கண்ணாடித் துண்டுல குளம் வெச்சு, நடுவுல ரெண்டு பிளாஸ்டிக் காரை ஓட விடறோம். இதையே அமெரிக்காவுல ஒருத்தன் மாடிரூம்ல பண்ணா அதுக்குப் பேரு கலெக்‌ஷன், டயோரமா. நம்ம மாமி பண்ணா கொலு. அவ்வளவுதான் வித்தியாசம்.

கஸ்டமைஸ் பண்றதும் நமக்குப் புதுசு இல்லை. எங்க ஊர்ல இருந்து பஸ் ஏறினா சுமார் முப்பது கிலோமீட்டர்ல காஞ்சிபுரம். சின்ன காஞ்சிபுரத்துல வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் பொம்மைக்காரத் தெருன்னே ஒரு தெரு இருக்கு. காகிதக் கூழிலும் மண்ணிலும் தலைமுறை தலைமுறையா கொலு பொம்மை செய்யறவங்க இருக்கற தெரு. நம்ம வீடுகள்ல மூக்கு உடைஞ்ச பொம்மைக்கு மூக்கு ஒட்டறது, வெளுத்துப்போன கிருஷ்ணருக்கு நீலம் அடிக்கறது எல்லாம் சகஜம். யாரும் "ஐயோ ஒரிஜினல் பெயின்ட் போச்சே"ன்னு அழறதில்லை. சாமி பளிச்சுன்னு இருக்கணும், அவ்வளவுதான்.

அதே கொலுவுல மரப்பாச்சின்னு ஒரு ஜோடி உட்கார்ந்திருக்கும். அம்மா வீட்டுச் சீதனமா வந்து, பொண்ணுக்கு, பேத்திக்குன்னு கை மாறிக்கிட்டே போகிற மரப் பொம்மை. அதுக்கு வருஷா வருஷம் புதுப் புடவை, புது வேட்டி, ஜிகினா, மணிமாலை. ஒரு வருஷம் கல்யாண ஜோடி, அடுத்த வருஷம் ராஜா ராணி. ஆனா துணியை அவிழ்த்துட்டா கொள்ளுப்பாட்டி கையில இருந்த அதே மரம். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்ப விண்கலத்துக்கு வருவோம்.

நம்ம ஆளுங்களுக்குப் பறக்கும் தட்டு ஒண்ணும் 1977-ல ஸ்டார் வார்ஸ் வந்துதான் அறிமுகமாகலை. அதுக்கு 14 வருஷம் முன்னாடியே, 1963-ல, எம்.ஜி.ஆர். நடிச்ச 'கலை அரசி' படத்துல வேற்றுக்கிரகத்து ஆளுங்க வந்து பாட்டு கத்துக்கறதுக்காக பானுமதியைத் தூக்கிட்டுப் போவாங்க. உலகத்துல எந்த வேற்றுக்கிரகவாசிக்கும் இவ்வளவு நல்ல ரசனை இருந்ததில்லை. ஆனா அந்தப் படத்துக்குன்னு பொம்மை வித்து யாரும் கோடீஸ்வரன் ஆகலை. ஸ்டார் வார்ஸ் கதை வேற. கென்னர்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி பொம்மை உரிமையை வாங்கி வெச்சிருந்தது. படம் இப்படி ஓடும்னு அவங்களே எதிர்பார்க்கலை. 1977 கிறிஸ்துமஸுக்குப் பொம்மை தயாராகலை. என்ன பண்ணாங்க தெரியுமா? வெறும் அட்டைப் பெட்டியையும், "அடுத்த வருஷம் பொம்மை அனுப்பி வைக்கிறோம்"னு ஒரு சீட்டையும் வித்தாங்க. அதையும் ஜனங்க வாங்கினாங்க! அப்புறம் 1985 வரைக்கும் எக்ஸ்-விங், டை ஃபைட்டர், 1979-ல வந்த மில்லினியம் ஃபால்கன்னு கோடிக்கணக்குல பிளாஸ்டிக்கை அச்சுல அடிச்சுத் தள்ளினாங்க.

இதுல பெயின்ட் அடிக்கிற கட்சிக்குச் சாதகமா ஒரு பாயின்ட் இருக்கு. படத்துல வர்ற விண்கலங்களே ஒரிஜினல் இல்லை. அந்த மாடல்களைச் செஞ்சவங்க கடையில விக்கிற டாங்கி, போர் விமானம், கார் மாடல் கிட்டுகளை வாங்கிப் பிரிச்சு, அந்த உதிரிகளை மேல ஒட்டி ஒட்டித்தான் விண்கலம் பண்ணாங்க. உத்துப் பார்த்தா விண்கலத்தோட முதுகுல ஏதோ ஒரு டாங்கியோட சக்கரம் ஒட்டிக்கிட்டு இருக்கும். இதுக்குப் பேரு கிட்பாஷிங். அதாவது அசலே கஸ்டமைஸ் பண்ணதுதான். அப்படி இருக்கும்போது அதோட பொம்மைக்கு மட்டும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்றது, ரீமிக்ஸ் பாட்டை ரீமிக்ஸ் பண்ணாதேன்னு சொல்ற மாதிரி.

அதோட, கென்னர் பொம்மையோட உடம்பு பெரும்பாலும் நிறம் கலந்தே வார்த்த பிளாஸ்டிக். மேல இருக்கற கோடு, எண், குண்டடி பட்ட கறுப்பு எல்லாம் பாதிக்கு மேல ஸ்டிக்கர். மேல அடிச்ச பெயின்டை நிதானமா எடுத்துட்டா கீழ இருக்கற பிளாஸ்டிக் பெரும்பாலும் அப்படியே கிடைக்கும். ஸ்டிக்கர் போச்சுன்னா அதே மாதிரி அச்சடிச்சு விக்கறாங்க. கோடிக்கணக்குல அடிச்ச சரக்கு, றெக்கை உடைஞ்சு, ஸ்டிக்கர் உரிஞ்சு, பேட்டரி மூடி தொலைஞ்சு, யாரோ ஒரு பையன் ஸ்கெட்ச் பேனாவுல தன் பேரை எழுதி வெச்சது உங்க கைக்கு வந்திருக்குன்னா, தாராளமா விளையாடுங்க. துருப்பிடிச்ச சரக்குக் கப்பலா மாத்துங்க. கோயம்பேடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்திட்டு வர்ற ஃபால்கனா மாத்தி, பின்னாடி 'சவுண்ட் ஹாரன்' எழுதுங்க. நான் முதல் ஆளா கை தட்டுவேன்.

இப்ப ரெண்டாவது கட்சியோட நியாயத்தைப் பார்ப்போம். அது தகரப் பொம்மை.

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட, அமெரிக்க ராணுவம் தின்னுட்டுப் போட்ட டப்பாத் தகரத்தை எடுத்தே ஜப்பான்காரங்க பொம்மை செய்ய ஆரம்பிச்சாங்க. அந்தச் சமயத்துல ஏற்றுமதியான பொம்மைகள்ல 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரானது'ன்னே முத்திரை இருக்கும். 1952-ல ஆக்கிரமிப்பு முடியற வரைக்கும் இந்தக் கதைதான். அங்க ஆரம்பிச்சு 1950, 60-கள்ல மசுடயா, யோனெசாவா, ஹொரிகாவா மாதிரி கம்பெனிகள் ரோபோவும் ராக்கெட்டும் பறக்கும் தட்டுமா உலகத்தையே நிரப்பினாங்க. சாவி குடுத்தா ஓடும், சில மாடல் பொறி கக்கும், சில மாடல் சுவத்துல முட்டினா தானே திரும்பிப் போகும்.

இந்தப் பொம்மையை எப்படிச் செய்யறாங்கங்கறதுல விஷயம் இருக்கு. தகரத்தை வெட்டி மடக்கிப் பொம்மை பண்ணிட்டு அப்புறம் வர்ணம் அடிக்கறது இல்லை. முதல்ல தட்டையான தகட்டு மேலயே ஜன்னல், ஆணி, மீட்டர், விண்வெளி வீரன் மூஞ்சி எல்லாத்தையும் லித்தோ முறையில அச்சடிச்சிடுவாங்க. நம்ம ஊரு பழைய பிஸ்கட் டப்பா, எண்ணெய் டப்பா மேல படம் இருக்குமே, அதே டெக்னிக். அதுக்கப்புறம்தான் அச்சுல வெச்சு அழுத்தி வளைச்சு, சின்னச் சின்னத் தகர நாக்கை மடக்கி மாட்டுவாங்க. இதுக்கு என்ன அர்த்தம்? அந்தப் படம் ஒரு தடவை போச்சுன்னா போனதுதான். வளைஞ்ச தகரத்து மேல அதே அச்சைத் திரும்பப் போட முடியாது. எவ்வளவு பெரிய ஓவியர் வந்து தூரிகை பிடிச்சாலும் அது வேற பொம்மை. உப்புத்தாளை எடுத்து முதல் தேய் தேய்க்கற அந்த நிமிஷத்துல 60 வருஷம் காலி. பிளாஸ்டிக் பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கறது சட்டை மாத்தற மாதிரின்னா, தகரப் பொம்மையைச் சுரண்டறது தோலை உரிக்கற மாதிரி.

இந்த இடத்துல எங்க ஊரு சுவரைக் கொஞ்சம் பார்க்கணும்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை எல்லாரும் பள்ளிக்கூடப் புஸ்தகத்துல படிச்சிருப்பீங்க. குடவோலை முறை, பராந்தக சோழன், 30 குடும்பு, ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டுக் குலுக்கி எடுக்கறது... அஞ்சு மார்க் கேள்வி. ஆனா அந்தச் சுவத்துல இருக்கறது ஒரு கல்வெட்டு இல்லை, ரெண்டு. முதல் கல்வெட்டு பராந்தகனோட 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919 வாக்கில். ரெண்டாவது 14-ஆம் ஆண்டு, 921 வாக்கில். நடுவுல ரெண்டே வருஷம். முதல் விதியில 30 வயசுக்கு மேல, 60-க்குள்ள இருக்கறவங்கதான் நிக்கலாம். அடுத்ததுல அதை 35, 70-ன்னு மாத்திட்டாங்க. இன்னும் சில திருத்தமும் உண்டு.

எனக்கு அந்த வயசுக் கணக்கை விட ஆச்சரியம் என்னன்னா, பழைய விதி செல்லாதுன்னு ஆனதும் உளி எடுத்து அதைச் செதுக்கித் தள்ளலை. புது விதியை அதே கோயில் சுவத்துல தனியா வெட்டி வெச்சாங்க. பழசு பழசாவே இருக்கு. அதனாலதான் இன்னைக்கு நமக்கு விதி மட்டும் இல்லாம, விதி எப்படி மாறுச்சுங்கறதும் தெரியுது. பொட்டி தட்டற நம்ம பாஷையில சொன்னா, வெர்ஷன் 1-ஐ டிலீட் பண்ணாம வெர்ஷன் 2-வை ஏத்தியிருக்காங்க. கம்ப்யூட்டரும் இல்லை, கன்ட்ரோல் இஸட்டும் இல்லை. அந்த புத்தி மட்டும் இருந்தது.

இதுக்கு நேர் எதிரான கதையும் நம்ம ஊர்ல உண்டு. கோயிலைப் பளிச்சுனு ஆக்கறோம்னு சாண்ட் பிளாஸ்டிங் மெஷின் வெச்சு மணலைப் பீய்ச்சி அடிச்சாங்க. கல்லு சுத்தமாச்சு, எழுத்து மழுங்கிப் போச்சு. கல்வெட்டு ஆர்வலருங்க கத்திக் கதறினதுக்கு அப்புறம் அரசாங்கமே கோயில்கள்ல அது கூடாதுன்னு தடை போட்டது. பண்ணவங்க யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணலை. பழசு புதுசா தெரியணும்ங்கற ஆசைதான். தகர ராக்கெட்டை உப்புத்தாளால தேய்க்கற நண்பருக்கும் அதே நல்லெண்ணம்தான். நல்லெண்ணத்தால அழிஞ்சது திரும்பி வராது.

ஆகவே மகாஜனங்களே, என் தீர்ப்பு இதுதான்: மாத்தலாம், அழிக்கக் கூடாது. மரப்பாச்சிக்குப் புடவை கட்டற மாதிரி கஸ்டமைஸ் பண்ணுங்க. துணியை அவிழ்த்தா உள்ள அந்த மரம் இருக்கணும்.

சொல்றது சுலபம், செய்யறது எப்படின்னு கேப்பீங்க. எனக்குத் தெரிஞ்ச அளவுல:

முதல் கேள்வி: இது மாதிரி இன்னும் எத்தனை உலகத்துல மிச்சம் இருக்கு? லட்சக்கணக்குல இருந்தா கை வையுங்க. பத்தோ இருபதோ தான் இருக்கும்னு சந்தேகம் வந்தாலே கையை எடுத்துடுங்க.

ரெண்டாவது: பண்றதைத் திரும்ப எடுக்க முடியுமா? ஸ்குரூ, சின்ன காந்தம், கட்டற கம்பி எல்லாம் நல்லது. ஃபெவிக்விக்கும் எம்-சீலும் வேண்டவே வேண்டாம். ஒட்டினது ஒட்டினதுதான், அப்புறம் பிரிக்கப் போனா பொம்மையும் சேர்ந்து வரும். ஃபெவிக்விக் ஆவி பட்டாலே பக்கத்துப் பிளாஸ்டிக் வெள்ளையாப் பூத்துடும். உள்ள லைட் வைக்கணுமா, ஓட்டை போடாம ஏற்கெனவே இருக்கற பேட்டரி அறை வழியா ஒயரைக் கொண்டு போங்க.

மூணாவது: கழட்டினதைத் தூக்கிப் போடாதீங்க. பழைய ஸ்டிக்கர் துண்டு, ஓடாத மோட்டார், உடைஞ்ச ஆண்டெனா எல்லாம் ஒரு ஜிப் கவர்ல போட்டு அதே பெட்டியில இருக்கட்டும்.

நாலாவது: புதுசா சேர்த்ததுக்கு அடையாளம் வையுங்க. இப்பல்லாம் தொலைஞ்ச பாகத்தை 3டி பிரின்டர்ல அச்செடுத்துக்கறோம். நல்லதுதான். ஆனா உள்பக்கத்துல வருஷத்தைப் பொறிச்சு வெச்சிடுங்க. நாளைக்கு அது நாலு கை மாறும்போது யாரும் அதைப் பழைய பாகம்னு நம்பி ஏமாறக் கூடாது. அதைத் தெரிஞ்சே ஒரிஜினல்னு விக்கறவரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை, ஊர்ல அதுக்கு வேற பேர் இருக்கு.

சுத்தம் பண்றது கஸ்டமைஸ் கணக்குல வராது, அதைப் பண்ணியே ஆகணும். முக்கியமா பேட்டரிக் கசிவு. நம்ம வீட்டுப் பழைய பொம்மைங்கள்ல சாதாரண நிப்போ, எவரெடி வகை துத்தநாக-கார்பன் செல்லு உள்ளேயே கிடந்து பொங்கியிருக்கும். அந்தக் கசிவு அமில ஜாதி, சமையல் சோடாவைத் தண்ணியில குழைச்சுத் தொட்டுத் துடைக்கணும். அல்கலைன் செல் கசிஞ்சிருந்தா நேர் எதிர், அது கார ஜாதி, வினிகரோ எலுமிச்சம் சாறோ பஞ்சுல தொட்டுத் துடைக்கணும். ஆளை மாத்தி மருந்து குடுத்தா வேலைக்கு ஆகாது. வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாப் போயிருந்தா ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயில்ல வைக்கற வித்தை ஒண்ணு இருக்கு. 2008 வாக்கில் பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் பிரபலப்படுத்தினது, ரெட்ரோபிரைட்னு பேரு. கையுறை போட்டுக்கோங்க. கொஞ்ச வருஷத்துல மஞ்சள் திரும்பி வரலாம்கிறதையும் தெரிஞ்சுக்கோங்க. தகரத்துக்கு இந்த மருந்தெல்லாம் கிடையாது. தண்ணி காட்டாம, உலர்ந்த துணியால துடைச்சு, ஈரம் இல்லாத இடத்துல வைக்கறதுதான் வைத்தியம். நம்ம ஊரு ஐப்பசி மழைக்கு அடுப்படிப் பரண் ஆகாது.

சரி, இவ்வளவு கத்தறதுக்கு உண்மையான காரணம் ஜப்பான் தகரமோ அமெரிக்கப் பிளாஸ்டிக்கோ இல்லை. அதைப் பாதுகாக்க அங்கங்க ஆள் இருக்கு, கேட்லாக் இருக்கு, ஏலம் இருக்கு. 1979-ல கென்னர் ஒரு பொம்மையை, போபா ஃபெட்னு பேரு, முதுகுல இருந்து ராக்கெட் பாயற மாதிரி பண்ணி, குழந்தைங்க தொண்டையில சிக்கிடும்ங்கற பயத்துல விக்காமலே நிறுத்திட்டாங்க. அந்த மாதிரிப் பொம்மை ஒண்ணு 2024-ல 5,25,000 டாலருக்கு ஏலம் போச்சு. அவங்க பொம்மைக்கு ஆபத்து ஒண்ணும் இல்லை. எனக்குக் கவலை நம்ம பொம்மைங்களைப் பத்தி.

ஒரு காலத்துல வெளிநாட்டுப் பொம்மை இங்க சுலபமா வராது. சிங்கப்பூர் மாமா கொண்டு வரணும், இல்லைன்னா சென்னை பர்மா பஜாருக்குப் போகணும். பழசு வேணும்னா மூர் மார்க்கெட், அதுவும் 1985-ல எரிஞ்சு போச்சு. அதனாலதான் இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. எம்.ஆர்.எஃப். கம்பெனியும் அமெரிக்க ஹாஸ்ப்ரோவும் கை கோத்து 1987-ல ஃபன்ஸ்கூல் வந்தது. கோவாவுல ஒரு ஆலை, பின்னாடி இதோ பக்கத்துல நம்ம ராணிப்பேட்டையில ஒண்ணு. அவங்க இங்க அச்சடிச்ச ஜி.ஐ. ஜோ பொம்மைங்களோட நிறம் அமெரிக்கப் பொம்மை நிறத்தோட ஒத்தே போகாது. அங்க பச்சைன்னா இங்க வேற ஏதோ. இன்னைக்கு அமெரிக்காவுல ஜி.ஐ. ஜோ சேர்க்கறவங்க இந்த இந்திய நிறத்துக்காகவே அதைத் தேடி அலையறாங்க. 80-களோட கடைசியில லியோ கம்பெனி மேட்டல் உரிமத்துல இங்க போட்ட ஹீ-மேன் பொம்மைங்களுக்கும் அதே மவுசு. எந்த நிறம், எந்த அட்டை, எந்தப் பெல்ட்டுன்னு வெள்ளைக்காரன் பட்டியல் போட்டு வெச்சிருக்கான். நம்ம என்ன பண்ணோம்? இரும்புக்குப் பேரீச்சம்பழம்! தகர ராக்கெட் பேரீச்சம்பழமாச்சு, பிளாஸ்டிக் பொம்மை வெங்காயமாவும் பூண்டாவும் ஆச்சு. திருவிழாக் கடையில வித்த பேர் தெரியாத பொம்மைங்க கதை இன்னும் மோசம். யார் செஞ்சது, எந்த ஊர்ல, எந்த வருஷம்னு ஒரு வரி கூட எழுதி வெக்காம போய்ச் சேர்ந்தது எத்தனையோ.

பழைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் கதை நம்மள்ல பல பேருக்குத் தெரியும். 1972-ல வந்த இரும்புக்கை மாயாவியை அன்னைக்கு எடைக்குப் போட்டவங்க எத்தனை பேர், பின்னாடி அதே புஸ்தகத்துக்கு நாயா அலைஞ்சவங்க எத்தனை பேர்! காமிக்ஸாவது மறுபதிப்பு வந்தது. பொம்மைக்கு மறுபதிப்பு கிடையாது. அச்சுத் தேஞ்சு போச்சுன்னா அதோட சரி. வெளிய இருந்து வரவழைச்சுக்கலாம்னாலும் பொம்மை இறக்குமதி வரி 2020-ல 20-ல இருந்து 60 சதவீதம், 2023-ல 70-ன்னு ஏறிப் போச்சு. ஆக நம்ம பரண்ல இருக்கறதுதான் நம்ம சொத்து.

அதனாலதான் 'என் பொம்மை என் இஷ்டம்'ங்கற வாதத்துக்கு நான் பாதி தூரம்தான் வருவேன். கோடியில ஒண்ணா இருக்கற பொம்மைக்கு அது சரி. ஆனா மிச்சம் இருக்கறதே இது ஒண்ணுதானோங்கற நிலைமையில, நீங்க அதுக்கு முதலாளி இல்லை, மரப்பாச்சியை அடுத்த தலைமுறைக்குக் கை மாத்தற பாட்டி மாதிரி. உங்க முறை வரும்போது புடவை கட்டி அழகு பாருங்க, அப்புறம் பத்திரமாக் குடுத்துட்டுப் போங்க.

கடைசியா ஒரு விஷயம். 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சந்திரயான்-3 நிலாவுல இறங்கிச்சு. அந்த வருஷ நவராத்திரிக்குப் பல வீட்டுக் கொலுவுல நிலாவும் லேண்டரும் வந்து உட்கார்ந்துச்சு. தெர்மோகோல், ஜரிகைத் தாள், ஊதுபத்தி டப்பா, தீப்பெட்டி, நாலு ஸ்ட்ரா. சாயந்திரம் ஸ்கூல் விட்டு வந்த பிள்ளைங்களும் அம்மாக்களும் சேர்ந்து ஒட்டினது. கிட்பாஷிங்னா இதுதான் கிட்பாஷிங். ஹாலிவுட்காரன் டாங்கிச் சக்கரத்தை ஒட்டினான், நம்ம பாட்டில் மூடியை ஒட்டினோம். எந்தத் தொழிற்சாலையும் செய்யாத, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லாத விண்கலப் பொம்மைங்க அது. என்னைக் கேட்டா நம்ம ஊரு தன் கையால செஞ்ச பொம்மை விண்கலம்னு 50 வருஷம் கழிச்சுத் தேடப் போறது இதைத்தான். அதுல எத்தனை விஜயதசமி முடிஞ்ச மறுநாளே குப்பை வண்டியில ஏறுச்சோ!

உங்க வீட்டுல ஒண்ணு தப்பிச்சிருந்தா, அதுக்குப் புது ஜரிகை ஒட்டாதீங்க, சாஞ்ச காலை நிமிர்த்தாதீங்க. அடியில ஒரு சின்னக் காகிதம் ஒட்டி, செஞ்ச பிள்ளை பேரு, ஊரு, வருஷம் மூணையும் எழுதி, பழைய வேட்டித் துணியில சுத்திக் கொலுப் பெட்டியிலயே வெச்சிடுங்க. பரண்ல தகர ராக்கெட்டோ, நிறம் மாறின ஜி.ஐ. ஜோவோ கிடந்தா அதையும் இறக்கி, நாலு பக்கமும் அடிப்பக்கமும் படம் எடுத்து, எங்க வாங்கினது எப்ப வாங்கினதுன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு எழுதிப் போடுங்க. அவங்க இருக்கும்போதே கேளுங்க. பெயின்ட் டப்பா எங்கயும் ஓடிடாது.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் மரப்பாச்சிக்கு எல்.ஈ.டி. வைக்கக் கிளம்பிடாதீங்க. பாட்டி கரண்டியை எடுத்தா கம்பெனி பொறுப்பில்லை.